குடைக் கம்பனிக்காரி

மே 22, வியாழன்

ஒருவர் தனக்குத் தானே முதலாளியாக இருந்தால், காய்ச்சல் வரும் நாளில் யாரைக் கூப்பிட்டு, குரலைக் கம்மவைத்து, இன்று வர முடியாது என்று சொல்வது? காலையிலிருந்து யோசிக்கிறேன். பேராதனையில் நான்கு வருடம் புள்ளிவிபரவியல் படித்தபோது இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கேள்வியைக் கொண்டுவந்தவன் ரியான். ஊரைவிட்டு வந்து நான் குடியிருக்கும் இந்த ஹரோவில், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர் நிறுவனத்தில் என் கோப்பு அவனிடம் இருக்கிறது. என் பெயர் தாட்சாயணி. அவன் 'டக்ஸ்' என்கிறான். அதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் எனக்கும் வருமான வரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வைத்தியசாலையில் காத்திருப்போர் பட்டியலின் கணக்குகளைப் பார்க்க ஆள் வேண்டுமாம். ஆறு மாதம். ஜூன் 9 திங்கட்கிழமை தொடக்கம். நேர்முகத்தில் என்னைப் பிடித்துவிட்டதாம். பதினேழு விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் "ஆம்" இது. ஆனால் நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குப் போக இரண்டு வழி. எந்த வழி என்று ஜூன் 6 வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முதல் வழிக்கு 'அம்பிரெல்லா கம்பனி' என்று பெயர். நான் வைத்தியசாலையில் வேலை செய்வேன். காகிதத்தில் மட்டும் என் முதலாளி, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத இன்னொரு கம்பனி. வைத்தியசாலையின் பணம் அங்கே போய், வரியும் அவர்களுடைய கூலியும் கழிந்து, மிச்சம் எனக்குச் சம்பளமாக வரும். விடுமுறை உண்டு. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இரண்டாவது, நானே ஒரு லிமிட்டெட் கம்பனி தொடங்குவது. வைத்தியசாலை என் கம்பனியை அமர்த்தும். என் கம்பனி என்னை அனுப்பும். கையில் கொஞ்சம் கூட மிஞ்சும். ஆனால் எல்லாப் படிவங்களையும் நானே நிரப்ப வேண்டும், பிழை வந்தால் குற்றவாளியும் நானே.

"சட்டப்படி இந்த வேலைக்கு இரண்டும் சரி, டக்ஸ். உங்கள் மனதுக்கு எது படுகிறதோ அதைச் செய்யுங்கள்" என்றான் ரியான்.

இதில் மனதுக்கு என்ன வேலை என்று கேட்க நினைத்தேன்.

பின்னேரம் மீன்கடைக்குப் போனேன். விளைமீன் இல்லை.

மே 23, வெள்ளி

குகனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. என் கணவர் ஒரு தபால் நிலையத்தில் இருபத்தொரு வருடமாகக் கடிதம் பிரிக்கிறார். உலகத்தில் இன்னும் கடிதம் இருக்கிறது என்று நம்பும் சிலரில் ஒருவர். எந்தச் செய்தியையும் உடனே சேர்ப்பித்துவிட வேண்டும் அவருக்கு.

"லிமிட்டெட் எண்டால் நீர் டிரெக்டர் எல்லோ?" என்றார். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பணிப்பாளர் தாட்சாயணி குகனேசன். ஒரு விசிட்டிங் காட் அடிப்பம்."

"இன்னும் முடிவெடுக்கேல்லை."

"காட் அடிச்சுப்போட்டு முடிவெடும்."

குடை வழிதான் புத்தியானது என்று எனக்கு ஏற்கனவே தெரியும். முறையாக ஆராயாமல் முடிவெடுப்பது என் பழக்கம் இல்லை என்பதால் மட்டும் ஆராய்கிறேன்.

மே 25, ஞாயிறு

அலுவலகச் சட்டைகள் ஐந்தையும் மினுக்கினேன். பெப்ரவரியிலிருந்து அவற்றை யாரும் போடவில்லை என்பது உண்மை. ஆனால் துணி சும்மா தொங்கினாலும் கசங்கும்.

(என் பழைய அலுவலகம் ஒரு நகரசபை. பெப்ரவரியில் எங்கள் பிரிவை மூடினார்கள். அங்கே பத்தொன்பது வருடமும் இரண்டு மாதமும் பதினொரு நாளும் இருந்தேன். பிரியாவிடை அட்டையில் இருபத்திரண்டு பேர் கையெழுத்து, என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.)

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். குகன் சேர்ப்பித்துவிட்டார்.

"என்னடி தாட்சி, கொந்தராத்தோ?" என்றாள், வணக்கம் சொல்லாமல். "எங்கட பரம்பரையில ஆரடி கொந்தராத்துச் செய்தது? அப்பா அரசாங்கக் கச்சேரியில சீஃப் கிளாக்கா இருந்த மனிசன். நீ என்ன, ரோட்டுப் போடப் போறியோ? லொறி வாங்கப் போறியோ?"

யாழ்ப்பாணத்தில் கொந்தராத்துக்காரர் என்றால் மதகு கட்டுபவர். மடித்த வேட்டியும் சட்டைப் பையில் சிகரெட்டும் வைத்திருப்பவர். அக்காவின் கண்ணில் நான் அப்படித் தெரிந்திருப்பேன்.

"லொறி இல்லை அக்கா. கணக்குப் பாக்கிற அதே வேலைதான். ஒரு குடைக் கம்பனியில சேரலாம், இல்லாட்டி..."

"குடைக் கம்பனியோ?" குரல் உடனே இறங்கியது. "அதை முதல்லையே சொல்லியிருக்கலாமே. நல்லதுதானே. இந்த நாட்டில மழைக்கு என்ன குறை?"

பிழை என்னுடையது. அம்பிரெல்லா என்று ஆங்கிலத்திலேயே விட்டிருக்க வேண்டும். மொழிபெயர்த்துவிட்டேன்.

விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவளுக்கு அடுப்பில் ஏதோ இருந்தது.

மே 27, செவ்வாய்

தமிழ்க் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம், மடிக்கிற குடையில் கம்பி ஏன் ஒரு வருடத்திலேயே கழலுகிறது என்று கேட்டார்.

மே 28, புதன்

அட்டவணை போட்டேன். ஒன்பது காரணிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. பாதுகாப்பு, விடுமுறை, நேரம், வரி, படிவத் தொல்லை, தண்டம் கட்டும் அபாயம், இப்படி. குடை 61. லிமிட்டெட் 48.

எடைகளை மீள்பார்வை செய்ய வேண்டும்.

மாலையில் கம்பனிப் பதிவேட்டில், கம்பனிக்கு என்னென்ன பெயர் வைக்க அனுமதிக்கிறார்கள் என்று பார்த்தேன். பொது அறிவுக்காக. 'தாட்சாயணி சபாரத்தினம் லிமிட்டெட்' என்று அடித்தேன். சபாரத்தினம் அப்பா. ஏதாவது ஒன்றை அடித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பெயரில் யாரும் இல்லை.

மே 29, வியாழன்

எடைகளை மாற்றினேன். குடை 60, லிமிட்டெட் 51.

'இதர' என்று ஒரு காரணியைச் சேர்த்து, அதற்கு அதிகூடிய எடை கொடுத்தேன். குடை 60, லிமிட்டெட் 59. தரவு போதாது.

மே 30, வெள்ளி

அத்தான் வந்தார். அக்காவின் கணவர் பத்மநாதன். பெற்றோல் நிலையம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் திருவிழாக் குழுவின் செயலாளர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு ஓய்வு இல்லை. கையில் ஒரு கட்டு மஞ்சள் அட்டைத் திருவிழா மலர். மை காயாத வாசம்.

"ஏழாம் பக்கத்தைப் பாரும்" என்றார். முகத்தில் பெருமை.

ஏழாம் பக்கத்தில் இருந்தது: 'சுவாமி வீதியுலாக் குடைகள் (பெரிது 2, சிறிது 4) உபயம்: திருமதி தாட்சாயணி குகனேசன், குடைக் கம்பனி, ஹரோ.'

"அத்தான், நான் குடை செய்யிறதில்லை."

"நீர் செய்யிறீர் எண்டு ஆர் சொன்னது? கம்பனி செய்யும்."

"அந்தக் கம்பனியும் குடை செய்யிறதில்லை."

"விக்கிறதோ?"

"இல்லை."

"வாடகைக்குக் குடுக்கிறதோ?"

"அத்தான், அங்கை குடையே இல்லை. அது சம்பளம் குடுக்கிற கம்பனி. பேர்தான் குடை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெற்றோல் நிலையத்தில், பம்ப் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களைப் பார்த்த பார்வையாக இருக்கலாம்.

"எங்கட பழைய குடை ரெண்டும் கம்பி தெரியுது. போன வருசம் தேர் அண்டு மழை பெஞ்சு சுவாமிக்கு நேர தலையில ஒழுகினது. உமக்கு விருப்பம் இல்லாட்டி விருப்பம் இல்லை எண்டு சொல்லும் தாட்சி. கம்பனியில குடை இல்லை எண்டு மட்டும் சொல்லாதையும்."

போகும்போது, மேசையில் கிடந்த அந்தக் கம்பனியின் விளம்பர ஏட்டைத் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். விளங்கப்படுத்துவதற்காக. அன்னதான மண்டபத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். சாம்பாரும் பூசணிக்காய்க் கறியும். குகன் மூன்றாவது தடவையாகப் பாயாசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் விரிவுரை எடுக்கும் குரலில் தொடங்கினேன். "குடைக் கம்பனி எண்டால் இதுதான். நான் வேலை செய்யிறது ஓரிடம். ஆனால் நான் இவையின்ர ஆள் எண்டு எழுத்தில இருக்கும். நான் உழைக்கிறது முதல்ல இவையின்ர கைக்குப் போகும். அவை தங்கட பங்கை எடுத்துப்போட்டு மிச்சத்தை எனக்குத் தருவினம். ஏனெண்டு கேட்டால், உனக்குப் பாதுகாப்பு எண்டு சொல்லுவினம்."

அக்கா அப்பளத்தை உடைத்தாள்.

"அப்ப கலியாணம் எண்டு சொல்லன்" என்றாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பில் சாம்பார் வாளியோடு நின்றவர் ஓரடி பின்வாங்கினார். ஒரு மாமிக்குப் புரையேறியது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, லிமிட்டெட் பக்கம் போனேன். "மற்றது, நானே ஒரு கம்பனி. நானே முதலாளி. வேலைக்காரியும் நான். கணக்கு எழுதிறதும் நான், கூட்டித் துடைக்கிறதும் நான். ஏதும் பிழைச்சால் பேச்சு வாங்கிறதும் நான் ஒராள்தான்."

"அதுவும் கலியாணந்தான்" என்றாள் அக்கா.

குகன் பாயாசக் கிண்ணத்தோடு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

வெளியே செருப்புத் தேடும்போது மூன்று பேர் என்னிடம் தனித்தனியாக வந்தார்கள். இருவர், விளக்கம் நன்றாக இருந்தது, கடைசியில் குடை எந்த நிறத்தில் வருகிறது என்று கேட்டார்கள். மூன்றாமவர், கொந்தராத்துச் செய்கிறீர்களாமே, எங்கள் சமையல் குசினியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டவேண்டும், வந்து பார்க்க முடியுமா என்றார்.

ஜூன் 2, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

அத்தான் அந்தக் குடைக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். என்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை, நேரே கேட்போம் என்று. மாலை ஐந்து மணிக்கு வெற்றிக் களிப்போடு என்னைக் கூப்பிட்டார்.

"செரில் எண்டு ஒரு பிள்ளை கதைச்சது. சரியான மரியாதை. நீர்தான் வீணாக் குழம்புறீர்."

"என்ன கேட்டனீங்கள் அத்தான்?"

"எனக்கு அம்பிரெல்லா வேணும் எண்டன். சந்தோசம், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறியள் எண்டது. 'ஹவ் லோங்' எண்டு கேட்டது. நாலடி எண்டன். இல்லை, எவ்வளவு காலத்துக்கு எண்டது. வருசா வருசம் பத்து நாள் எண்டன். குறுங்கால ஒப்பந்தம், பிரச்சினையில்லை எண்டது. பேந்து, கடைசியா ஆருக்காக எண்டு கேட்டது. சுவாமிக்கு எண்டன். எழுத்துக்கூட்டச் சொன்னது. எஸ், டபிள்யூ, ஏ, எம், ஐ."



"வேற என்ன கேட்டவை?"

"பிறந்த திகதி. வங்கி விபரம். நஷனல் இன்சூரன்ஸ் நம்பர்."

"வேலைக்குச் சேரேக்கை குடுக்கிற நம்பர் குடை வாங்க எதுக்கு எண்டு யோசிக்கேல்லையோ?"

"இந்த நாட்டில எதுக்குத்தான் அதைக் கேக்கிறதில்லை? நூலகத்தில புத்தகம் எடுக்கவும் ரெண்டு அடையாளம் கேக்கிறவங்கள்."

கம்பனியிலிருந்து தனக்கு வந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பினார். 'எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு, திரு. பத்மநாதன்! உங்கள் வாடிக்கையாளர்: ஸ்வாமி. உங்கள் நேர அட்டையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸ்வாமியிடம் கையெழுத்து வாங்கிச் சமர்ப்பிக்கவும்.'

அறுபத்தொன்பது வயதில் அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் பதினேழு விண்ணப்பம் போட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

திருவிழா மலரைத் திருத்தி அச்சிடுவதைவிட நான் குடை வாங்கிக் கொடுப்பது சுலபம் என்று திருவிழாக் குழு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. மறுக்கவில்லை. ஒழுகிய கதை மனதில் நின்றுவிட்டது. சென்னையில் கோயில் குடை செய்பவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

அத்தானின் வீட்டுக்குப் பார்சல் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தக் கம்பனி அனுப்பும் நல்வரவுப் பொதி. உள்ளே ஒரு பேனா, ஒரு கோப்பை, ஒரு குடை.

ஊதா நிறம். மடிக்கும் வகை. பொத்தானை அமத்தினால் விரிகிறது.

குடும்பக் குழுவில் படம் போட்டார். வரவேற்பறைக்குள் விரித்துப் பிடித்தபடி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். கீழே: 'குடை வந்துவிட்டது.' அதன் கீழே அக்காவின் குரல் பதிவு: "குடையே இல்லையெண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னவள் எங்க? படிச்ச பிள்ளையாம்!"

மூன்று நிமிடத்தில் நாற்பது கும்பிடும் கைகள். இனி இந்த விஷயத்தில் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது.

அத்தானை அந்தக் கம்பனியிலிருந்து விடுவிக்க நான்தான் செரிலைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"திரு. பத்மநாதன் எங்களை விட்டுப் போவது வருத்தம்" என்றார் செரில். "காரணம்?"

"அவர் ஓய்வு பெற்றவர்."

"ஸ்வாமிக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டாரா?"

"கொடுத்திருப்பார். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் சந்திக்கிறார்."

பிறகு, நானும் சேர யோசிப்பதாகச் சொன்னேன். செரில் உற்சாகமானார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. "எங்களிடம் நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு நீங்கள் எங்களைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. நாங்களும் உங்களைப் பற்றி நினைக்கமாட்டோம். அதுதான் எங்கள் சேவையின் அழகு."

இதை ஒரு நன்மையாகச் சொன்னார். நன்மைதான். அட்டவணையில் சேர்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் நான் அடித்துப் பார்த்த பெயர் இன்னும் யாரும் எடுக்காமல் அப்படியே கிடக்கிறது. வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது.

ஜூன் 5, வியாழன்

முடிவெடுத்துவிட்டேன். குடை.

காரணங்களை எழுதிவைக்கிறேன், பின்னாளில் குழப்பம் வராமலிருக்க. ஒன்று, எனக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு, எனக்கு வியாபாரம் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊரில் அப்பா முப்பத்தாறு வருடம் ஒரே மேசையில் இருந்தார், மேசையும் அரசாங்கத்தினுடையது. மூன்று, ஆறு மாத வேலைக்கு ஒரு கம்பனி தொடங்குவது, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கல் வாங்குவது மாதிரி. நான்கு, பிழைவிட்டால் என் பெயரில் கடிதம் வரும். ஐந்து, 'கம்பனி என்ன ஆச்சு' என்று ஆட்கள் கேட்பார்கள். ஆறு, கேட்பார்கள்.

ஐந்தும் ஆறும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது. மை பேனாவில் எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

குகனிடம் சொன்னேன். "சரி" என்றார். பிறகு, "காட் நூறு அடிக்கச் சொல்லிப்போட்டன். பரவாயில்லை, பின்பக்கத்தில சாமான் லிஸ்ட் எழுதலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை? டிரெக்டர் நானெல்லோ?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கவலை" என்றார். "நீர் போன கிழமை கணினிக்கு முன்னால இருந்து உம்மட பாட்டில சிரிச்சீர். பெப்ரவரிக்குப் பிறகு இப்பதான் பாக்கிறன். அதான், கம்பனி எண்டால் உமக்கு நல்லது போலக் கிடக்கு எண்டு நினைச்சன்."

நான் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மனம் லேசாக இருக்கிறது. முடிவெடுத்தால் அப்படித்தான் இருக்கும். அடுப்பின் உட்புறத்தைக் கழுவினேன். குளிர்சாதனப் பெட்டியை இழுத்து அதன் பின்புறத்தைத் துடைத்தேன். மேசை லாச்சியில் கிடந்த பழைய பற்றரிகளை ஒவ்வொன்றாக மணிக்கூட்டில் போட்டு, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பிரித்தேன். குடைக் கம்பனியின் படிவத்தை நிரப்பினேன், கையெழுத்தைத் தவிர. பேனா சரியில்லை.

நாளை காலை ரியானிடம் "குடை" என்று சொல்வேன். ஒரு சொல்தான்.

ஜூன் 6, வெள்ளி

நடந்தது இது.

9.40க்கு ரியான் கூப்பிட்டான். "காலை வணக்கம், டக்ஸ். குடைதானே? எல்லாரும் குடைதான். நான் அப்படியே போட்டுவிடட்டுமா?"

"லிமிட்டெட்" என்றேன்.

யார் சொன்னது என்று அறையைத் திரும்பிப் பார்த்தேன். குகன் வேலைக்குப் போயிருந்தார். வானொலியும் ஓடவில்லை.

"லிமிட்டெட்டா?" என்றான் ரியான். "நிச்சயமா? கம்பனி இருக்கிறதா?"

"பின்னேரம் இருக்கும்."

"ஓகே, டக்ஸ். ஆனால் திங்கட்கிழமைக்குள் பதிவு வராவிட்டால் எனக்குச் சிக்கல்."

"எனக்கும்தான்" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுப் பழைய பற்றரிகளைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். போட்டது ஓடுகிறவற்றை என்று பிறகுதான் தெரிந்தது.

பதிவுப் படிவம் நான் பயந்த அளவுக்கு இல்லை. பெயர் ஒரு நிமிடம். அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக அடித்தேன். பணிப்பாளர்களின் எண்ணிக்கை: ஒன்று. பங்குதாரர்கள்: ஒருவர். வேலைக்கு இருப்பவர்கள்: ஒருவர், திங்கட்கிழமையிலிருந்து.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. இந்தக் கம்பனியின்மீது குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உள்ள நபர் யார்? சட்டம் கேட்கிறது, பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு எழுந்து போய் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி கூடிவிட்டது. குடித்தேன். திரும்பி வந்தும் கேள்வி அங்கேயே இருந்தது.

இரண்டு மணிக்குக் குகன் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். திரையில் லிமிட்டெட் என்ற சொல்லைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். பிறகு அந்தக் கேள்வியை விரலால் தடவி மெதுவாக வாசித்தார்.

"குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உள்ள ஆள்... இதென்னப்பா கேள்வி? இந்த வீட்டில இருபத்திமூண்டு வருசமாத் தெரிஞ்ச விசயம்தானே. எழுதும், எழுதும்."

என் பெயரை எழுதினேன். 2.25க்கு அனுப்பினேன். 4.10க்குச் சான்றிதழ் வந்தது. இவ்வளவு விரைவாக வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதை ரியானுக்கு அனுப்பிவிட்டு, அச்செடுத்து, மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், சின்னப் பிள்ளையின் நித்திரையைப் பார்ப்பதுபோல.

"அப்ப ஒரு சந்தேகம்" என்றார் குகன். "திங்கட்கிழமை வேலைக்குப் போறது நீரோ, கம்பனியோ?"

"ரெண்டு பேரும் போறம்" என்றேன். "பஸ்ஸில ஒரு ரிக்கெற் போதும்."